அரை நிமிடம் பிந்தி வரும் சேலை

பின்லாந்தில் குளிர்காலத்தில் மூன்றரை மணிக்கே இருட்டிவிடும். அது இருட்டு என்றுகூடச் சொல்ல முடியாது. பனியின் மேல் ஒரு நீலம் படர்ந்து மெல்ல அடங்கும். நீலம் எனக்கு நன்றாகத் தெரியும். ரொட்டித் தொழிற்சாலையில் விடியுமுன்னே தொடங்கும் வேலை இரண்டு மணிக்கு முடிய, வீட்டுக்கு வந்து, குளித்து, சமையலறை மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவேன். ஆரணியில் அப்போது இரவு ஏழு மணி. சீரியல் ஆரம்பிக்கும் நேரம்.

பக்கத்திலேயே போன் இருக்கும். போனில் அப்பா இருப்பார். இருப்பார் என்றால் பேசிக்கொண்டு இருப்பார் என்று அர்த்தமில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டுத் தறிக்கட்டையின் மேல் வைத்துவிட்டு அவர் பாட்டுக்கு நெய்துகொண்டிருப்பார். குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு நாடா ஓடுகிற சத்தம், பலகை அடிக்கிற சத்தம், அதற்குப் பின்னால் அவர் வீட்டு டிவி. என் இணைய ஒளிபரப்பு ஊர் டிவியைவிட அரை நிமிடம் பின்னால் வரும். அதனால் எல்லாமே எனக்கு இரண்டு தடவை நடக்கும். மாமியார் கத்துவது முதலில் போனில் கேட்கும். அப்போது என் திரையில் அந்த அம்மாள் சாந்தமாகப் பூப் பறித்துக்கொண்டிருப்பாள். பாவம், இன்னும் அரை நிமிடத்தில் கத்தப்போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. வேலைக் களைப்பில் கண் செருகும்போது எது முன்னே எது பின்னே என்று குழம்பிப்போகும். ஆரணியில் உட்கார்ந்து பின்லாந்தைக் கனவு காண்கிறேனா, பின்லாந்தில் உட்கார்ந்து ஆரணியையா என்று சில நிமிடம் தெரியாமலே இருப்பேன். அந்தச் சில நிமிடத்துக்காகத்தான் மாதாமாதம் சந்தா கட்டினேன். கதைக்காக இல்லை. கதை சகிக்காது.

புதுச் சேலையோடு யாராவது உள்ளே வந்துவிட்டால் மட்டும் தறிச் சத்தம் நிற்கும்.

"டேய், யாரோ புதுசா வந்துகிறாங்க போலகிதே. பாடி இன்னா, முந்தி இன்னா?"

பாடி என்றால் சேலையின் உடல். முந்தி என்றால் முந்தானை. எங்கள் தெருவில் சீரியலை யாரும் கதைக்காகப் பார்ப்பதில்லை. மாமியார் கட்டி வருகிற சேலை அடுத்த முகூர்த்தத்துக்குக் கடையில் கேட்கப்படும். அந்த நிறச் சேர்க்கையை முதலில் தறியில் ஏற்றுகிறவருக்கு மவுசு. வாரம் ஒரு முறை வருகிற முதலாளி, பட்டும் ஜரிகையும் கொடுத்துச் சேலையாக வாங்கிப் போகிறவர், அப்பாவிடம்தான் கேட்பார். "இந்த வாரம் புதுசா இன்னாப்பா ஓடுது?" அப்பா யோசிக்காமல் சொல்வார். "அரக்கு பாடி, கிளிப்பச்சை முந்தி. போடுங்க, பிச்சிகினு போவும்." சொன்னபடியே போகும். கலர் விஷயத்தில் அப்பா கில்லாடி என்று தெருவே சொல்லும்.

ஆனால் அப்பா ஒரு நாளும் டிவியைப் பார்த்ததில்லை. ஜன்னல் வெளிச்சம் வேண்டுமென்று தறியை அப்படிப் போட்டிருந்தார். டிவி அவர் முதுகுக்குப் பின்னால். அதனால் அம்மா பார்த்துச் சொல்லுவாள். அம்மா அடுப்பில் கைவேலையாக இருந்தால் ஒரே பிள்ளையான நான் சொல்ல வேண்டும். சிவப்பும் பச்சையும் எனக்கு ஒன்றுதான். பிறந்ததிலிருந்தே அப்படி. ரெண்டுமே நனைந்த மண்ணைப் போல இருக்கும். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, அது ஒரு குறை என்பதெல்லாம் பின்னால் தெரிந்தது. அப்போது தெரிந்தது ஒன்றுதான்: பட்டு நெய்கிற வீட்டில் பிறந்துவிட்டு இதை வெளியே சொல்லக் கூடாது.

அதனால் சமையலறை வாசலைத் திரும்பிப் பார்ப்பேன். அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்து, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைப்பாள். அ-ரக்-கு. நான் உரக்க, "அரக்கு பாடிப்பா!" என்பேன். நிறங்களின் பெயர் எனக்கு இன்னும் சரியாகப் பழகவில்லை என்று அம்மா நினைத்துக்கொண்டு உதவுகிறாள் என்றே நம்பினேன்.

பன்னிரண்டாவது முடித்த கோடையில் அப்பா என்னைத் தறியில் உட்கார வைத்தார். தறிக்குழிக்கு வலது பக்கம் ஒரு கூடை, இடது பக்கம் ஒரு கூடை. இரண்டிலும் தார், அதாவது நாடாவுக்குள் போடுகிற நூல் சுற்றிய குச்சிகள். "வலது கூட பாடி, இடது கூட முந்தி. மாத்திப் போட்டுடாத" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். நான் ஒரு தாரை எந்தக் கூடையிலிருந்து எடுத்தேன் என்று மறந்து, பாடிக்கு நடுவே முந்தித் தாரைப் போட்டு ரெண்டு விரல் அகலம் நெய்துவிட்டேன். நெய்ததும் எனக்குத் தெரியவில்லை. அப்பா திரும்பி வந்து குனிந்து பார்த்தார். கையால் தடவினார். "அடிச்சது சமமா இருக்குதுடா. நல்லாத்தான் போட்டுகிற" என்றார். அப்புறம் அம்மா வந்தாள். சேலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். ஒன்றும் பேசாமல் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்து, அந்த ரெண்டு விரலையும் இழை இழையாகப் பிரித்தெடுத்தாள். அதைப் பார்த்த பிறகுதான் என் தப்பே எனக்குப் புரிந்தது. மகன் முகம் வாடக் கூடாது என்று அப்பா பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிட்டார் என்று நினைத்து, அன்றைக்கெல்லாம் கூனிக் குறுகிப்போனேன்.

அடுத்த வாரமே படிக்கப் போகிறேன் என்றேன். படித்து முடித்ததும் வெளிநாடு என்றேன். காரணம் கேட்டார், சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? கலர் கில்லாடியின் மகனுக்குக் கலர் தெரியாது என்றா? ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று ஆரணி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அப்பா வந்தார். பையை மேலே ஏற்றிவிட்டுக் கீழே இறங்கி, ஜன்னலோரம் நின்று ஒரே ஒரு வார்த்தை கேட்டார்.

"தறி உனக்குக் கேவலமாப் பூட்ச்சாடா?"

பஸ் நகர்ந்துவிட்டது. நகராவிட்டாலும் நான் பதில் சொல்லியிருக்க மாட்டேன். அதற்கப்புறம் எத்தனையோ வருடம் அப்பா என்னோடு பேசவில்லை. நான் கூப்பிட்டால் அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு, "உங்கப்பா நல்லாகிறாரு, இங்கதான் நெய்துகினு கீறாரு" என்பாள். பின்னால் தறிச் சத்தம் கேட்கும். என் கல்யாணத்துக்குப் பெண் ஊரான தேவிகாபுரத்துக்கு வந்தார், சாப்பிட்டார், பந்தியில் ஆள் குறைவு என்று ஓடியாடிப் பரிமாறினார்; என்னிடம் பேசவில்லை. அந்த ஒரு கேள்வி மட்டும் எங்கள் இருவருக்கும் நடுவே அப்படியே கிடந்தது. எத்தனை நாடு தாண்டினாலும் அதுவும் கூடவே வந்தது.

இரண்டு வருடம் முன்னால் அம்மா போய்விட்டாள். காரியமெல்லாம் முடிந்து நான் திரும்பி வந்த மூன்றாவது வாரம், ஒரு சாயங்காலம் அப்பாவே போன் செய்தார். வாழ்க்கையிலேயே முதல் தடவை. நான் பதறிப்போய் எடுத்தேன்.

"ஏன்டா, அந்த ஏழு மணி சீரியலு அங்க வருதா?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வருதுப்பா என்று பொய் சொல்லிவிட்டு, ஒரு கையால் சந்தா கட்டி ஒளிபரப்பைத் திறந்தேன். அப்பா மெதுவாகக் கேட்டார். "அந்த மாமியார்க்காரி கட்டிகினு கீற சேல. பாடி இன்னா, முந்தி இன்னா?" பேசாதிருந்த மனிதர் என்னோடு பேச ஒரு சாக்குத் தேடுகிறார் என்று நினைத்தேன். நல்லவேளை, என் மனைவி எதிரே உட்கார்ந்திருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்த்தாள். உதட்டை அசைத்தாள்.

அவளுக்கு மட்டும் என் சங்கதி தெரியும். கல்யாணமான புதிதில், பழுத்த தக்காளி வாங்கி வரச் சொன்னாள். ஒரு பை நிறையப் பச்சைக் காயாக வாங்கி வந்தேன். அவள் பையைக் கொட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க, ஊறுகா போடறதா உத்தேசமா?" என்று கேட்டாள். அப்புறம் உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டுக் கண்டுபிடித்துவிட்டாள். அன்றிலிருந்து என் சட்டை, என் காய்கறி, கடைசியில் என் அப்பாவின் சீரியலும் அவள் பொறுப்பு. "உங்களக் கட்டிகினு நானே கலர் டிவியாப் போயிட்டேன்" என்று கேலி செய்வாள்.

இப்படியே இரண்டு வருடம் ஓடியது. அரை நிமிடத் தாமதம் எங்களுக்கு ரொம்ப வசதி. அப்பாவின் கேள்வி முதலில் வந்துவிடும். சேலை பின்னால் வரும். "இருப்பா, எனக்கு இன்னும் வரல" என்பேன். அதற்குள் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிடுவாள். படம் பிடித்து அனுப்பவா என்று ஒருமுறை கேட்டேன். அப்பா சீறினார். "போன்ல கலரு பொய் சொல்லும்டா. அத நம்பி நூல எடுத்தவன் தெருவுக்கு வந்துடுவான். மனுசன் வாயால சொல்லு." சரி, பழைய காலத்து நெசவாளி, திரையை நம்ப மாட்டார் என்று விட்டுவிட்டேன். அவளுக்கு மாலை வரை வேலை இருக்கிற நாட்களில் மட்டும் நெட் சரியில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். அவள் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள்.

போன மாதம் அப்படி ஒரு நாள். அவள் இல்லை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நெட் இல்லை என்று சொல்ல நான் தயாராக இருக்கும்போது போன் அடித்தது. எடுத்தால் வீடியோ. அப்பா எனக்கு வீடியோவில் வந்ததே இல்லை. திரை முழுக்க அவர் தாடையும் மூக்கும்.

"இன்னாடா பண்ற?"

"சீரியல் போட்டுகினு உக்காந்துகிறேன்ப்பா."

"மருமவ இல்ல?"

"வேலைக்குப் போயிருக்கா. அஞ்சு மணி ஆவும்."

அப்பா போனைக் கீழே திருப்பினார். தரையெல்லாம் தார் சிதறிக் கிடந்தது. ரெண்டு கூடையும் கவிழ்ந்து கிடந்தன.

"எழுந்துக்கும்போது காலு தட்டி ரெண்டு கூடயும் கவுந்துபோச்சுடா. பாடித் தாரும் முந்தித் தாரும் ஒண்ணோட ஒண்ணு கலந்துகினு கெடக்குது. ஒரே பேஜாரு. உங்கம்மாவுக்கு அப்புறம் நூலு சுத்திக் குடுக்குற அந்தம்மா வந்தவாசிக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டாங்க, நாளன்னிக்குத்தான் வருவாங்க. முதலாளி நாளைக்கு சாயங்காலம் சேலைக்கு வந்துடுவாரு. முகூர்த்தச் சேல. இந்த டியூப்லைட்டுல ஒரு எழவும் தெரியல. நீ பாத்து சொல்லு, நான் பிரிச்சிப் போடறேன்."

"போன்ல கலரு பொய் சொல்லும்னு நீதானப்பா..."

"சொன்னேன்டா. இப்ப வேற வழி இல்ல. ஜல்தி சொல்லு." ஒரு தாரை எடுத்து கேமராவுக்கு முன்னால் பிடித்தார். "இது இன்னா? அரக்கா, பச்சயா?"

நனைந்த மண். அடுத்ததைப் பிடித்தார். அதுவும் நனைந்த மண். சமையலறை வாசலைத் திரும்பிப் பார்த்தேன். பழக்கம். அங்கே யாரும் இல்லை. மனைவியின் சால்வை மட்டும் ஆணியில் தொங்கியது.

குத்துமதிப்பாகச் சொல்லியிருக்கலாம். ஒன்று அரக்கு, ஒன்று பச்சை என்று சொல்லியிருந்தால் அவர் உடனே அதை நாடாவில் போட்டு நெய்ய ஆரம்பித்திருப்பார். யாரோ ஒரு பெண் மணவறையில் கட்டுகிற சேலை. நடுவில் ரெண்டு விரலுக்குப் பதிலாக ரெண்டு முழம். பிரித்தெடுக்க அம்மாவும் இல்லை. நெட் போய்விட்டது என்று துண்டித்திருக்கலாம். அப்படிச் செய்தால், ஒரு தாரைப் பார்த்துச் சொல்லக்கூட இவனுக்குத் தறி கேவலமாகிவிட்டது என்று நினைத்திருப்பார்.

"எனக்குத் தெரியலப்பா."

"தெரியலன்னா? இரு, இன்னும் கிட்ட காட்டறேன்."

"கிட்ட காட்டினாலும் தெரியாதுப்பா. சேப்பும் பச்சையும் எனக்கு ஒண்ணாத்தான் தெரியும். பொறந்ததுலேந்தே அப்படித்தான். அதான் தறில உக்காரல. கேவலம்னு நெனச்சி இல்லப்பா. சத்தியமா இல்ல. சொல்ல பயந்துகினுதான் ஓடிப்போயிட்டேன்."

அப்பாவின் கை இறங்கியது. போனில் இப்போது கூரையும் மின்விசிறியும் மட்டும் தெரிந்தன. அவர் டிவியில் யாரோ ஒருத்தி, "என்னை மன்னிச்சிடுங்க" என்று அழுதாள். அரை நிமிடம் கழித்து என் திரையிலும் அவள் வந்து, அதையே சொல்லி அழுது முடித்தாள். பிறகு ஒரு விசும்பல் கேட்டது. ஐயோ, அழ வைத்துவிட்டேனே என்று எழுந்து நின்றுவிட்டேன். விசும்பல் கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பானது.

"டேய்..." மறுபடியும் அந்தத் தாடையும் மூக்கும் வந்தன. "எனக்கும்டா."

"என்னப்பா?"

"எனக்கும் தெரியாதுடா. சேப்பு, பச்ச, ஒரு மண்ணும் தெரியாது."

அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். "அப்ப ரெண்டு வருசமா நான் உன்னக் கேட்டு முதலாளிக்கு சொல்லிகினு இருந்தேனே, அதெல்லாம் யார்ரா சொன்னது?"

"உன் மருமவப்பா."

"ஆஹா! நல்லா கீதுடா நம்ம கத. நான் உன்னக் கேக்க, நீ அவளக் கேக்க."

இரண்டு பேரும் சிரித்தோம். எத்தனையோ வருடம் பேசாததற்கெல்லாம் சேர்த்துச் சிரித்தோம். எனக்கு அழுகையும் வந்தது, அதையும் மறைக்கவில்லை.

சில நாள் கழித்து நான் ஒரு மருத்துவரிடம் இதைச் சொன்னேன். அப்பாவிடமிருந்து மகனுக்கு இது வராது, தாய் வழியில்தான் வரும் என்றார். அப்படியானால் எங்கள் வீட்டில் எப்படி என்று குழம்பி, வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸிலேயே விளங்கியது. அப்பா கட்டியது சொந்த அக்கா மகளை. அம்மாவுக்கு அவர் தாய்மாமன். இரண்டு பேருக்கும் அப்பாவைப் பெற்ற பாட்டி வழியாகத்தான் வந்திருக்கிறது. பின்லாந்துக்கார மருத்துவருக்கு இதைப் புரிய வைக்க நான் முயற்சி செய்யவில்லை.

அன்றைக்கு நாங்கள் போனை வைக்கவில்லை. மனைவி வரட்டும் என்று இரண்டு பேரும் காத்திருந்தோம். சீரியல் முடிந்து அடுத்த சீரியல் வந்தது. அப்பா டீ போட்டுக்கொண்டு வந்து தறிக்குழியின் ஓரத்தில் உட்கார்ந்து குடித்தார். இங்கே ஜன்னலில் நீலம் அடங்கி விளக்குகள் எரிய ஆரம்பித்தன. அப்பா நடுநடுவே பேசினார். தறியை ஏன் டிவிக்கு முதுகு காட்டிப் போட்டார் என்று சொன்னார். ஜன்னல் வெளிச்சமாவது ஒன்றாவது! பார்க்க முடியாத இடத்தில் உட்கார்ந்திருந்தால்தான் யாரையும் கேட்கலாம், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். வலது கூடை, இடது கூடை ஏற்பாடு அம்மா செய்தது. கல்யாணமான மறுவாரமே கண்டுபிடித்துவிட்டாளாம். யாருக்கும் சொல்லக் கூடாது என்று அப்பா அவள் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாராம். அவளும் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. என்னைப் பற்றி அவரிடமும் சொல்லவில்லை.

அந்த ரெண்டு விரல் துணி எனக்கு ஞாபகம் வந்தது. அப்பா குனிந்து பார்த்து நல்லாத்தான் போட்டுகிற என்று சொன்னாரே, அவர் மனசாரத்தான் சொன்னார். அவர் கண்ணுக்கு அது நன்றாகத்தான் இருந்தது. அம்மா ஒருத்திதான் தப்பைப் பார்த்தாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாளே, அந்தப் பார்வை இப்போதுதான் எனக்கு முழுசாகத் தெரிந்தது. எப்பேர்ப்பட்ட பாரத்தைச் சுமந்திருக்கிறாள், மகராசி.

ஐந்து மணிக்கு மனைவி வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல், தலையில் பனியோடு போன் முன்னால் உட்கார்ந்தாள். அப்பா ஒவ்வொரு தாராக எடுத்துக் காட்டினார்.

"அரக்கு மாமா. இதுவும் அரக்கு. இது பச்ச. இது பச்ச மாமா."

"போன்ல பொய் சொல்லுதான்னு நல்லாப் பாரும்மா."

"பொய்யெல்லாம் சொல்லல மாமா. பளிச்சுனு இருக்குது."

அரக்கு வலது கூடையிலும் பச்சை இடது கூடையிலும் போய் விழுந்தன. நான் ஒரு ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் முடிந்ததும் அவள் காபி வைக்க எழுந்து போனாள். அப்பா போனைப் பழையபடி தறிக்கட்டையில் சாய்த்து வைத்தார். அவர் நெய்வதைப் போனில் முதல் முறையாகப் பார்த்தேன். வலது கூடையிலிருந்து ஒரு தாரை எடுத்து, பார்க்காமலே நாடாவில் செருகினார். கால் மிதித்தது, பலகை அடித்தது. நாலைந்து தடவை நாடா ஓடியபின் நிறுத்தினார்.

"அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல நான் கேட்டது..."

"விடுப்பா."

"விடறது இல்லடா. நாப்பது வருசம் உங்கம்மா கண்ணுலதான் நெய்தேன். அந்த ஒண்ண உங்கிட்ட சொல்லியிருந்தா நீ உக்காந்திருப்ப இல்ல?"

உட்கார்ந்திருப்பேன். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெளியே பனி விழுந்துகொண்டே இருந்தது. அப்பா நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு, எனக்கு முகத்தைக் காட்டாமல், சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"கோடைக்கு வருவ இல்ல, அப்ப ஒரு பத்து நாளு உக்காரு. வலது கூட பாடி, இடது கூட முந்தி. கலரப் பத்திக் கவலப்படாத."

"சரிப்பா" என்றேன். தறிச் சத்தம் மறுபடியும் ஆரம்பித்தது.